மூன்று வேளையும் சாப்பிடுகிறோம்

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த டைரி போன வருடத்தியது. சுமைதூக்குவோர் சங்கத்தில் மீந்து கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். கிழமை மட்டும்தான் தப்பாக இருக்கும். அதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்வேன்.

எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் எது நடந்தாலும் பிற்பாடு நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். தெருவிளக்குக்காக நான் கொடுத்த நான்கு மனுக்களும் வந்து சேரவே இல்லை என்று பஞ்சாயத்து எழுத்தர் சாதிக்கிறார். இனிமேல் எல்லாம் தேதியோடு இருக்கும்.

என் பெயர் கொம்பையா. வயது எழுபத்திரண்டு. அரிசிக் கிட்டங்கியில் முப்பத்தெட்டு வருடம் மூட்டை சுமந்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை. சாக்கின் மேல் மையால் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் படித்தேன். அப்புறம் சங்கத்துத் துண்டறிக்கை, அப்புறம் புத்தகம். படிக்கத் தெரிந்ததும் சாமி கும்பிடுவதை விட்டேன். ஐம்பது வருடத்துக்குக் குறையாது.

வீட்டில் மூன்று பேர். நான், மருமகள் ஆவுடை, பேத்தி எழிலி. எழிலி எட்டாம் வகுப்பு. மகன் பொன்னையா மலையாளத்தில் கட்டட வேலை பார்க்கிறான். வேலை நெருக்கடி. இரண்டு வருடமாக வர முடியவில்லை.

சாப்பாடு: காலை பழைய சோறு, வெங்காயம். மதியம் சோறு, முருங்கைக்கீரைக் குழம்பு. இரவும் அதுவே. மூட்டை தூக்கிய வயிறு இன்னும் அப்படியே இருக்கிறது. என் வயதில் மற்றவர்கள் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

அம்மா காலையில் சாப்பிடவில்லை என்று எழிலி சொன்னாள். ஆவுடையைக் கூப்பிட்டுக் கேட்டேன். உச்சினிமாகாளி அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாளாம். நாற்பத்தெட்டு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. பொன்னையா திரும்பி வர வேண்டும் என்பதற்காக.

ரயில் ஏறினால் வந்துவிடப்போகிறான். இதற்கு ஒருத்தி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அவள் குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில், "சரி மாமா, நீங்க சாப்பிட வாங்க" என்றாள்.

என் வீட்டிலேயே இந்த மூடத்தனம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

எழிலியின் செருப்பு வார் அறுந்தது. நானே தைத்தேன். தெருவிளக்குக்கு ஐந்தாவது மனு, பதிவுத் தபாலில்.

பிப்ரவரி 27, வியாழன்

அரிசி தீர்ந்துவிட்டது என்கிறாள் ஆவுடை. இருபது கிலோ, மூன்று பேர், மாதம் முடிய ஒரு நாள் பாக்கி. அதிலும் எழிலிக்கு மதியச் சோறு பள்ளிக்கூடத்தில். ஆவுடைக்கு ஒரே வேளை. அப்படியிருந்தும் எப்படித் தீரும்? ரேஷன் கடையில் எடை குறைக்கிறார்கள். வேறு வழியே இல்லை.

மார்ச் 3, திங்கள்

ரேஷன் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் மறுபடி எடை போடச் சொன்னேன். விற்பனையாளர் மூன்று முறை போட்டுக் காட்டினார். இருபது சரியாக இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முப்பத்தைந்து கிலோ அரிசி அட்டை வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி ஒருவர், "அண்ணாச்சிக்கு வயிறுதான் தராசு" என்றார். சிரித்தார்கள். இன்றைக்கு நான் வருவேன் என்று தெரிந்து சரியாகப் போட்டிருப்பார்கள். போன மாதத்து எடையைப் பற்றி மனு எழுதுவேன்.

இருபது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். அதையெல்லாம் மூட்டை என்று சொல்லக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

பேச்சித்தாய் வந்தாள். மகளிர் குழுத் தலைவி, பக்கத்துத் தெரு. ஊரில் எந்த வீடு எவ்வளவு ஏழை என்று பார்க்கப் போகிறார்களாம். அடுத்த ஞாயிறு கூட்டம். மிகவும் ஏழை என்று வருகிற வீட்டுக்கு முப்பத்தைந்து கிலோ அரிசி அட்டை கிடைக்கும்.

பேசும்போது அவள் என்னைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முதியோர் உதவித்தொகையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் கேட்க முடியுமா என்றேன். மகன் இருக்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். மகன் இருப்பது ஒரு குற்றமா? அது வேறு ஆபீஸ் பெரியப்பா என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

கூட்டம் நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

தண்ணீர்த் தொட்டி முன்னால் கோலப்பொடியால் ஊர் முழுவதையும் தரையில் வரைந்திருந்தார்கள். தெரு, கிணறு, கோவில், ஒவ்வொரு வீடும். என் வீட்டை ஓலைக்கூரையாகப் போட்டிருந்தார்கள். ஓட்டு வீடு என்று திருத்தச் சொன்னேன். பாதி ஓடு உடைந்து தார்ப்பாய் போட்டிருக்கிறதே என்றாள் பேச்சித்தாய். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது ஓடுதான் என்றேன். ஓடு வரைந்தார்கள்.

மதுரையிலிருந்து ஷர்மிளா என்று ஒரு பெண் அதிகாரி வந்திருந்தது. சின்ன வயது, மரியாதை தெரிந்த பெண். டவுனில் என்றால் வீடு வீடாகப் படிவத்தோடு போய் மின்விசிறி உண்டா, பிரிட்ஜ் உண்டா என்று கேட்போம். கிராமத்தில் ஒருவர் வீட்டு நிலவரம் மற்றவருக்குத் தெரியும், அதனால் நீங்களே சொல்லலாம் என்றது.

நான் எழுந்தேன். என் மச்சான் பாளையங்கோட்டையில் ஒற்றை அறையில் இருக்கிறான். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸியையும் மின்விசிறியையும் எண்ணிப் பார்த்துவிட்டு அவன் ஏழை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். மிக்ஸியில் அரைக்க அவனிடம் ஒன்றும் கிடையாது. அங்கே வீட்டுச் சாமானைக் கேட்கிறீர்கள், இங்கே பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்கிறீர்கள், இல்லாதவனிடம் எப்போது கேட்பீர்கள் என்றேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டது. சிலர் கைதட்டினார்கள்.

தரையில் நான்கு கட்டம். மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை. பெயரை வாசிக்க வாசிக்க, சனங்கள் சொல்லும் கட்டத்தில் வைத்தார்கள். என் பெயர் வந்தது. சனங்கள் பேச்சித்தாயைப் பார்த்தார்கள். பேச்சித்தாய் குனிந்து முதல் கட்டத்தில் வைத்தாள்.

முதல் கட்டத்தில் என்னைச் சேர்த்து ஆறு அட்டை. கண் தெரியாத கிழவி, ஆள் துணை இல்லாதவர்கள், பஸ் ஸ்டாண்டில் கையேந்துகிற ஒருவர். அவர்களோடு நான்.

என்ன கணக்கில் வைத்தாய் என்று கேட்டேன். பேச்சித்தாய் மெதுவாகச் சொன்னாள்: "ஆவுடை ஒரு வேளதான் பெரியப்பா சாப்பிடுதா."

"அது விரதம். கும்பிடுதவளோட கிறுக்கு. அதக் கொண்டாந்து வறுமையில சேக்காத" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். "எங்க வீட்ல மூணு வேளையும் சாப்பிடுதோம். என் மகன் மலையாளத்துல சம்பாதிக்கான். ஏழைன்னு எழுது, ஏத்துக்கிடுதேன். உழைச்சவன் ஏழையா இருக்கது எனக்கு அவமானமில்ல, அவனுக்குக் கூலி குடுத்தவனுக்கு அவமானம். மிகவும் ஏழைன்னா அது பிச்ச."

ஆவுடை பெண்கள் பக்கம் கடைசியில் நின்றிருந்தாள். பெண்கள் எல்லாரும் திரும்பி அவள் கையைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். என்னத்துக்கு என்று எனக்குப் புரியவில்லை. அவள் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டாள்.

அதிகாரிப் பெண் அவளிடம் கேட்டது. மாமா சொல்வதுதான் சரி என்றாள். அட்டையை நானே எடுத்து இரண்டாவது கட்டத்தில் வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஆவுடை எப்போதும், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா" என்று கேட்பாள். இன்று கேட்கவில்லை. மறந்திருப்பாள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

பொன்னையாவுக்குப் போன் செய்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. டவர் கிடைக்காத இடத்தில் வேலையாக இருப்பான்.

பீடிக்கடையில் வாரம் மூன்று நாள்தான் இலை போடுகிறார்கள். ஆவுடை சுற்றிய பீடிக் கட்டுகளில் பாதியைத் தொளதொளவென்று இருக்கிறது என்று திருப்பிவிட்டார்களாம். பதினெட்டு வருடமாகச் சுற்றுகிறாள், இதுவரை திருப்பியதில்லை. கை நடுங்குகிறது என்றாள். விரதத்தை விடு, நடுக்கம் நின்றுவிடும் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

நாற்பத்தெட்டு நாள் இன்றோடு முடிந்தது. மகன் வரவில்லை. வரவில்லை என்பதைச் சொல்லிக் காட்டவில்லை. நாளையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்னொரு நாற்பத்தெட்டு நேர்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை ஏழு மணிக்குத் தெருக்குழாயில் ஆவுடை விழுந்துவிட்டாள். குடம் நசுங்கியது. இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். நூறு கிலோ மூட்டையை ஒற்றையாளாகச் சுமந்தவன் நான், எனக்கு எடை தெரியும். முப்பத்தைந்து, முப்பத்தாறுக்கு மேல் இருக்காது.

கிராமச் செவிலியர் விரலில் குத்திப் பார்த்தார். ரத்தம் ஐந்துதான் இருக்கிறதாம், பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று என்னிடம் கேட்டார். விரதம் என்றேன். இந்த உடம்போடு விரதம் இருக்கச் சொன்ன சாமி எது என்று கேட்டார். நல்ல கேள்வி. மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று ஆவுடையிடம் சொல்லாமல் எழிலியிடம் இரண்டு முறை சொன்னார்.

நாளைக்கு அந்தப் பூசாரியைப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

அம்மன் கோவிலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று மாசானத்தைக் கூப்பிட்டேன்.

"உள்ள வாங்க அண்ணாச்சி, அம்மன் கடிச்சிற மாட்டா" என்றான். அவனுக்கு எப்போதும் இந்த நக்கல் உண்டு.

ஒரு பெண்ணை இப்படிக் கொலைப்பட்டினி போடுகிறாயே, விரதத்தை இன்றைக்கே முடித்து வை, இல்லையென்றால் போலீசுக்கு மனு எழுதுவேன் என்றேன். யாருக்கு என்று கேட்டான். ஆவுடை பெயரைச் சொன்னேன். கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுச் சுவரருகே வந்தான்.

"அண்ணாச்சி, ஆவுடைக்கு நான் காப்பே கட்டலியே."

எனக்கு விளங்கவில்லை.

"நாப்பத்தெட்டு இருக்கணும்னா மொதல்ல இங்க வந்து காப்புக் கட்டணும். மஞ்சக் கயிறு. முடியுத அன்னைக்கு நான்தான் அவுக்கணும். அவ கையில கயிறு கெடக்கா? ஊர்ல சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே இது." அப்புறம், "தைப் பொங்கலுக்குப் பொறவு அவ கோயிலுக்கே வரல" என்றான். இப்போது அவன் குரலில் நக்கல் இல்லை.

நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். பூசாரி பேச்சை நம்பி எனக்குப் பழக்கமில்லை.

குளத்துக்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். ஆவுடை படுக்காமல் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்தேன். ஒரு ரப்பர் வளையல். இலைக் கத்தரி பட்ட தழும்பு. கயிறு இல்லை. இலை வெட்டும்போது இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருக்கலாம்.

ஏப்ரல் 10, வியாழன்

வயிறு சரியில்லை. இரவு சோறு வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

வயிறு அப்படியே இருக்கிறது. காலையில் நீராகாரம் மட்டும். சுக்கு தட்டிப் போட்டுக் காபி கொடுத்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நான் வேண்டாம் என்று விட்ட சோறு எங்கே போகிறது என்று பார்த்தேன். இரவு தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். காலையில் எழிலிக்கு ஒரு பங்கு, மிச்சத்தை என் முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள். "வயித்துக்குப் பழைய சோறு நல்லது மாமா, குளிர்ச்சி" என்கிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். நின்றபடியே கேட்டேன்: இரண்டாவது கட்டத்தில் இருக்கிற அட்டையை முதல் கட்டத்துக்கு மாற்ற என்ன வழி?

மே முதல் தேதி கிராம சபையில் பட்டியலை வாசித்து முடிவு செய்வார்கள், அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்குத் திறக்க மாட்டார்கள் என்றாள். மனுவாக எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். மனு செல்லாது, நீங்களே எழுந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், வீட்டு ஆளும் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றாள்.

ஆவுடை உன்னிடம் வந்து கேட்டாளா என்று கேட்டேன்.

"அவ ஒரு வார்த்த சொல்லல பெரியப்பா. நாங்களாத்தான் வச்சோம். எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க விரதம் விரதம்னு சத்தம் போடுதிய, அந்த எடத்துல நின்னு ஒங்க மருமவ சொல்லது பொய்னு யாரு சொல்லுவா?"

மோர் கொடுத்தாள். குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கிராம சபையில் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன்.

"எங்கள் வீட்டில் அரிசிப் பற்றாக்குறை உள்ளது." அடித்தேன். மொட்டையாக இருக்கிறது.

"என் மருமகள் போதுமான அளவு உணவு உட்கொள்வதில்லை." அடித்தேன். அவள் பேரில் குற்றம் சொல்வது மாதிரி இருக்கிறது.

"என் வீட்டில் ஒரு ஆள் பட்டினி". இந்த வரியை முடிக்கவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

பள்ளிக்கூடம் நாளையோடு அடைக்கிறார்கள். ஜூன் வரைக்கும் எழிலிக்கு மதியச் சோறும் வீட்டில்தான்.

ஆவுடையிடம் சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் கூட்டத்தில் அட்டையை மாற்றச் சொல்லப் போகிறேன், அதிகாரி கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு என்றேன். எதற்கு மாற்ற வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. காப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை. சரி மாமா என்றாள்.

மே 1, வியாழன்

ஒவ்வொரு மே தினத்துக்கும் கிட்டங்கி வாசலில் சங்கக் கொடியை நான்தான் ஏற்றுவேன். இந்த வருடம் போகவில்லை. இளவட்டங்கள் ஏற்றியிருப்பார்கள்.

கிராம சபைக்கு நூற்றிருபது பேருக்குக் குறையாது. பட்டியல் வாசித்தார்கள். முதல் கட்டத்தில் ஐந்து பெயர். ஆட்சேபணை உண்டா என்று அதிகாரிப் பெண் கேட்டது. எழுந்தேன். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எழுதி எடுத்துப் போன தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

என் பெயரை முதல் கட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"போன கூட்டத்துல நீங்கதானே ஐயா மூணு வேளையும் சாப்பிடுறோம்னு சொன்னீங்க? நான் எழுதி வச்சிருக்கேனே."

"அன்னைக்கு நான் சொன்னது என் வேளைய. அவ வேளைய நான் பாக்கல" என்றேன். "இருபது கிலோ வாங்குதோம். அதுல முக்கால்வாசிய நான்தான் திங்கேன். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லதும் சரியில்ல. மூட்டை எடையத் தோளாலயே சொல்லுவேன், என் வீட்டுப் பானைக்குள்ள எட்டிப் பாக்கல. முப்பத்தஞ்சு கெடச்சா அவ திம்பா. மகன் பணம் அனுப்பல. அவன் வரவும் மாட்டான்."

இவ்வளவும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதிகாரிப் பெண் ஆவுடை இருந்த பக்கம் திரும்பி, "அம்மா, ஐயா சொல்றது உண்மைதானா? நீங்க சொன்னா இப்பவே மாத்திடலாம்" என்றது.

ஆவுடை எழுந்தாள். பக்கத்தில் எழிலி உட்கார்ந்திருந்தாள், அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரும் இருந்தார்கள். ஆவுடை என்னைப் பார்த்தாள்.

"மாமாவுக்கு வயசாயிட்டு. வயிறும் ஒரு மாசமா சரியில்ல, அதுல என்னமோ நெனச்சிக்கிட்டாவ. எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் சாப்பிடுதோம். நான் இருக்கது விரதம்."

பேச்சித்தாய் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். அதிகாரிப் பெண் இன்னொரு முறை கேட்டது. ஆவுடை அதையே சொன்னாள். பட்டியல் நிறைவேறியது. கைதூக்கியவர்களைப் பார்த்தேன், ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் முன்னால் நடந்தேன். எழிலி எனக்கும் முந்தி வீட்டுக்கு ஓடிவிட்டாள். முக்குத் திரும்பியதும் நின்று, ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஆவுடையிடம் கேட்டேன். அழுதுகொண்டிருந்தாள்.

"ஆமான்னு சொல்லத்தான் மாமா எந்திச்சேன். நீங்க கையக் கூப்பிக்கிட்டு நின்னிய. கல்யாணமாயி வந்த நாள்லருந்து நீங்க யாருக்கும் கை கூப்பி நான் பாத்ததில்ல. பாத்ததும் வாயில வேற வந்துட்டு."

நான் கை கூப்பவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கும்.

மே 2, வெள்ளி

வெயில் அதிகம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. கொளுத்தினேன்.

மே 4, ஞாயிறு

கிட்டங்கிக்குப் போய் மேஸ்திரியைப் பார்த்தேன். கிழிந்த சாக்குத் தைக்கிற வேலையாவது கொடு என்றேன். நான் கைபிடித்துச் சேர்த்துவிட்ட பையன், இன்றைக்கு மேஸ்திரி. "நீங்க தச்சு நான் கூலி குடுத்தா என் கை அழுகிரும் அண்ணாச்சி" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். மரியாதையைத் தின்ன முடியாது.

மே 5, திங்கள்

எழிலி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இன்று பேசினாள். தாத்தா, அம்மாவை மாத்திரை போடச் சொல்லு என்றாள். மாத்திரைப் பட்டையைப் பார்த்தேன். இரண்டுதான் காலியாகி இருக்கிறது. சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை அது.

சங்கத்தில் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள், நாளையிலிருந்து டவுனில் சாப்பிட்டுக்கொள்கிறேன், எனக்கு உலை வைக்காதே என்று ஆவுடையிடம் சொன்னேன். சங்கத்திலா என்று கேட்டாள். சங்கத்தில்தான் என்றேன்.

மே 6, செவ்வாய்

டவுனுக்கு நாலு கிலோமீட்டர். நடந்தே போனேன். ஓர் இடத்தில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். இடத்தின் பெயர் எழுதத் தேவையில்லை.

பதினொரு மணிக்கு டோக்கன், நூறு பேருக்கு. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே கல் தரை, குளிர்ச்சியாக இருக்கிறது. தூண் எல்லாம் பெரிது பெரிதாக, ஒற்றைக் கல். இதையெல்லாம் சுமந்து வந்தவன் பெயரை எங்கேயும் வெட்டி வைக்கவில்லை. டோக்கன் கொடுப்பவர் பெயரும் ஊரும் கேட்டார். கொம்பையா என்று சொந்தப் பெயரையே சொன்னேன். பொய்ப் பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

சோறு, சாம்பார், ஒரு கூட்டு, ரசம். வரிசையில் எனக்கு அந்தப் பக்கம் என் வயதுதான் இருக்கும் ஒருவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சாப்பிட்டு முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் அவரோடு பேசவில்லை.

மே 7, புதன்

போனேன். கத்தரிக்காய்க் கூட்டு.

மே 8, வியாழன்

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் நூறு பேர் ஆகிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாசித்துவிட்டு, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சங்கத்தில் இன்று என்ன என்று எழிலி கேட்டாள். வத்தக்குழம்பு என்றேன். ருசியாக இருந்ததா என்றாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன்.

மே 9, வெள்ளி

இன்று டோக்கன் கிடைத்தது. விசேஷ நாளாம், உட்கார்ந்ததும் ஓர் ஆள் தட்டோடு வரிசையாக வந்தார். கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அவரே ஒவ்வொருவருக்கும் குனிந்து வைத்துக்கொண்டு போனார். இலையில் சோறு விழுந்துகொண்டிருந்தது. எழுந்திருக்க முடியாது. பூசணிக்காய் சாம்பார், அப்பளம், கொஞ்சம் பாயசம்.

வீட்டுக்கு வரும்போது ஆவுடை வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சங்கத்தில் இன்றைக்கு என்ன குழம்பு என்றாள். பூசணிக்காய் சாம்பார் என்றேன். தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வாங்க மாமா. எழிலி பாத்தா கேப்பா."

கழுவினேன். நெற்றியிலிருந்து வெள்ளையாக வழிந்தது. ரோட்டில் தூசி அதிகம்.

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வட்டிலை வழிக்கிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் மாத்திரைப் பட்டை உடைகிற சத்தம்.

நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். டோக்கன் நூறு பேருக்குத்தான்.